எட்டு வீட்டுக்கும் ஒரே கூரை

ஐந்து மாதம் மழை விடாமல் கொட்டுகிற மலை அது. அந்த மலையின் தேயிலைச் சரிவில் எட்டு வீடுகளைத் தோளோடு தோள் ஒட்டிக் கட்டிய லயம் ஒன்று இருந்தது. ஓடைப் பக்கத்துக் கோடியில் முதல் வீடு, அதில் பவுன்தாயியும் அவள் மகள் செவ்வந்தியும். ரோட்டுப் பக்கத்துக் கோடியில் எட்டாம் வீடு, அதில் எஸ்டேட் கம்பவுண்டர் நல்லசிவம். நடுவில் ஆறு குடும்பம். வீட்டுக்கு வீடு ஒரே ஒரு சுவர்தான், எட்டு வீட்டுக்கும் ஒரே தகரக் கூரைதான். முதல் வீட்டில் டம்ளர் கை நழுவினால் எட்டாம் வீட்டில் "யாரும்மா அது" என்று கேட்பார்கள்.

அந்த லயத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலத்தில் வாசல் இறங்கினால் அட்டை காலில் ஏறிவிடும் என்பதால், ஒவ்வொரு நடுச்சுவரிலும் அடுப்புக்கு மேலே கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து வைத்திருந்தார்கள். தீக்குச்சியும் உப்பும் மீன் குழம்பும் ஊர் வம்பும் அந்தப் பொந்து வழியாகத்தான் போய்வரும். ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் அதன் பிஞ்சுக் காலை முதலில் பொந்துக்குள் நீட்டுவார்கள், பக்கத்து வீட்டுக்காரி தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் வாசலுக்குத் தூக்கி வந்து வானத்தைக் காட்டுவார்கள். செவ்வந்தியின் காலைத் தொட்டவள் இரண்டாம் வீட்டு முத்துப்பேச்சி. "ஐயோ, என்னடி இது, நெத்திலி மாதிரி கிடக்கு" என்று அவள் சிரித்த சிரிப்பு அன்றைக்கு எட்டு வீட்டுக்கும் கேட்டது. பவுன்தாயியின் புருஷனை யானை மிதித்துப் போட்ட பிறகு அந்தப் பொந்து வழியாகத்தான் அவள் உயிர் பிழைத்துக் கிடந்தாள் என்று சொன்னால் தப்பில்லை.

இப்படி இருக்கையில் நல்லசிவம் வைகாசியில் கீழே டவுனுக்கு ஒரு நாள் பயிற்சிக்குப் போனான். அங்கே ஒரு டாக்டரம்மா திரையில் படம் போட்டுக் காட்டினாள். குடலுக்குள்ளே சின்னச் சின்ன அறைகள், அறையோடு அறை ஒட்டி இருந்தன. ரத்தபேதிக் கிருமி ஒன்று ஓர் அறைக்குள் புகுந்துவிட்டால் அதற்குப் பிறகு வெளியே தலை காட்டுவதே இல்லை, ஏனென்றால் வெளியே ரத்தத்தின் காவல்காரர்கள் திரிகிறார்கள், கண்ணில் பட்டால் பிடித்துத் தின்றுவிடுவார்கள். அதனால் அது அந்த அறைக்குள் கிடக்கிற நூலையே இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வாலாக முறுக்கிக்கொள்கிறது. அந்த வால் தள்ளத் தள்ள நடுச்சுவரில் போய் முட்டுகிறது. சுவர் கிழியாமல் விரல் நீட்டினாற்போல் அடுத்த அறைக்குள் புடைக்கிறது. அடுத்த அறை அந்தப் புடைப்பை அப்படியே விழுங்கிவிடுகிறது. விழுங்கியதும் இரண்டு வீட்டுத் தோலையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு கிருமி எழுந்து நின்று, இந்த அறையின் நூலை இழுக்க ஆரம்பிக்கிறது. போகிற பயணத்துக்கு அது ஒன்றும் கொண்டுவருவதில்லை, எல்லாம் வீட்டுக்காரன் சொத்து என்று டாக்டரம்மா சொன்னபோது நல்லசிவத்துக்குக் குப்பென்று வியர்த்தது. படத்தில் இருந்தது அச்சு அசல் அவனுடைய லயம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் இன்னொரு பாடம் நடந்தது. பிள்ளைகள் பெரும்பாலும் சாவது உடம்பிலிருக்கிற தண்ணீர் வற்றித்தான், உப்புச் சர்க்கரைக் கரைசலை வாயில் ஊற்றிக்கொண்டே இருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தால் பிழைக்கும் என்பது அந்தப் பாடம். அதற்குள் நல்லசிவம் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டான். பையில் கொடுத்துவிட்ட கரைசல் பொட்டலங்கள் மட்டும் பத்திரமாக அவனோடு மலையேறி, கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. கிருமியின் கதையை அவன் பொந்துக்குப் பொந்து சொல்லி அனுப்பினான். மறுநாள் கொழுந்து பறிக்கும்போதும் பெண்கள் அதையே பேசினார்கள். பவுன்தாயி ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள், கேட்டது அப்படியே மனசில் பதிந்துபோனது.

கார்த்திகை முடிகிற சமயம் செவ்வந்திக்கு ரத்தமாகப் போக ஆரம்பித்தது. ஆறு வயதுப் பிள்ளை, காலையில் எழுந்து பல் விளக்கினவள், பத்து மணிக்கெல்லாம் துவண்டு சுருண்டுவிட்டாள். பவுன்தாயி பொந்தில் வாயை வைத்து, பிள்ளைக்கு வயிறு போகுது மதினி, கம்பவுண்டரிடம் மருந்துப் பொட்டலம் இருக்கிறதா கேட்டுச் சொல்லு என்றாள். முத்துப்பேச்சி மூன்றாம் வீட்டுக்குச் சொன்னாள், மூன்று நான்குக்கு, நான்கு ஐந்துக்கு, அப்படியே அந்தக் கேள்வி வாய்க்கு வாய் தாவி, எந்த வீட்டிலும் நிற்காமல் எட்டாம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நல்லசிவம் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கட்டிலுக்கு அடியில் பெட்டி இருந்தது. ஹாஸ்டலில் படிக்கிற அவன் மகள் அடுத்த வாரம் லீவுக்கு வருகிறாள் என்கிற நினைப்பும் இருந்தது. அவன் பதில் சொன்னான், கேள்வி போன வேகத்தைவிடப் பதில் வேகமாகத் திரும்பி வந்தது: பொட்டலம் இல்லை, கிருமி சுவர் வழியாக வரும், பொந்தை அடையுங்கள், முதல் வீட்டை வெளியே பூட்டுங்கள், மூன்று நாள்.

முத்துப்பேச்சி சிமெண்டைக் குழைத்து, தன் கையாலேயே பொந்தை அப்பி அடைத்தாள். அவள் புருஷன் சுடலை வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டினான். ஜன்னலுக்கு ஏற்கெனவே சாரலுக்காகப் பலகை அடித்திருந்தது. உள்ளே ஒரு குடம் தண்ணீர், அது முதல் நாளோடு தீர்ந்தது. தலைக்கு மேலே தகரத்தில் மழை கொட்டுகிறது, உள்ளே தொண்டைக்கு ஒரு சொட்டு இல்லை. பவுன்தாயி தோல் உரியக் கதவைத் தட்டினாள், பலகையை நகத்தால் பிராண்டினாள். செவ்வந்தி ஈய டம்ளரை எடுத்து, அடைத்த பொந்துக்குக் கீழே சுவரில் தட்டித் தட்டி "அத்தை, தண்ணி" என்றாள். இரண்டாம் நாள் முழுக்கத் தட்டினாள். மூன்றாம் நாள் மத்தியானம் தட்டுவது நின்றுபோனது.

நாலாம் நாள் சங்கிலியைக் கழற்றினார்கள். பிள்ளையைச் சவுக்கு மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து பவுன்தாயி ஒவ்வொரு வாசலாகப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எம்புள்ள தட்டினது கேட்டுச்சா? ஒரு வீட்டிலும் ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒப்புக்கொண்டது போல எட்டு வாசலில், இல்லை, ஏழு வாசலில், ஒரே பதில் வந்தது.

"மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலையே."

சரி என்று பவுன்தாயி வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டாள். ஒரு கூரைக்கடியில் இருந்துகொண்டு ஏழு வீட்டு ஜனமும் வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டார்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. இவர்கள் யாரையும் விடக்கூடாது, ஒவ்வொரு வாயிலிருந்தும் பிடுங்க வேண்டும், கடைசியாக அந்தக் கம்பவுண்டர் வாயிலிருந்து பிடுங்க வேண்டும் என்று மகள் படுத்த பாயின் மேல் நின்று சொல்லிக்கொண்டாள். பிறகு தோளைச் சுவரில் வைத்தாள். அவளுடைய மூன்று சேலையும், கம்பளியும், செவ்வந்தியின் பாவாடையும் கொடியிலிருந்து இறங்கி வந்து அவள் முதுகுக்குப் பின்னால் வடக்கயிறாக முறுக்கிக்கொண்டு நின்றன, தரையில் ஊன்றித் தள்ளின. சுவர் புடைத்தது.

அந்தப் பக்கம் முத்துப்பேச்சி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அடுப்புச் சுவர் பூரி உப்புவதுபோல் உப்பி, ஆள் உயரத்துக்கு நீண்டு, காரை உதிர்ந்து, இரண்டு வீட்டுச் சுண்ணாம்பையும் தோளில் போட்டுக்கொண்டு பவுன்தாயி வெளியே வந்தாள். பின்னால் சுவர் பழையபடி மூடிக்கொண்டது. முத்துப்பேச்சி வடிதட்டைக் கீழே வைத்துவிட்டு, உக்காரு மதினி என்றாள். வேறென்ன சொல்வாள். பவுன்தாயி குடத்தடியில் உட்கார்ந்து, குடத்துத் தண்ணீர் முழுவதையும் மடமடவென்று குடித்துத் தீர்த்தாள்.

சேதி லயத்துக்குள் பரவ அரை நாழி ஆகவில்லை. முதல் வீட்டுக்காரி இரண்டாம் வீட்டுக்கு வந்துவிட்டாள், சுவர் வழியாக வந்தாள் என்றதும், மூன்றாம் வீட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு நிமிஷம் யோசிக்காமல் தங்கள் பக்கத்துப் பொந்தைச் சிமெண்டால் அடைத்து, இரண்டாம் வீட்டு வாசலில் அதே சங்கிலியைப் போட்டு அதே பூட்டைப் பூட்டினார்கள். மூன்று நாள், கம்பவுண்டர் சொன்ன கணக்கு. பவுன்தாயி யாரையும் தொடவில்லை, வையவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். சங்கிலிச் சத்தம் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பில் ஈரமே இல்லை.

மூன்றாம் நாள் முத்துப்பேச்சியின் உதடு வெடித்திருந்தது. சுடலை கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்து சாக்கில் படுத்துவிட்டான். மழை மேலே கொட்டிக்கொண்டிருந்தது. பவுன்தாயி கேட்டாள்:

"அவ காலைத் தொட்ட கை இதுதானே மதினி. சிமெண்ட் அப்புன கையும் இதுதானே. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு தாயி."

"என்ன கேட்டுச்சு?"

"அத்தை, தண்ணின்னா. எம்பேரச் சொல்லித்தான் கூப்பிட்டா. நான் காதப் பொத்திக்கிட்டு அடுப்ப ஊதினேன்."

முத்துப்பேச்சி தலையிலடித்துக்கொண்டு அழுதாள். பவுன்தாயிக்குக் கண் நனையவில்லை. அவளுக்கு அது போதவில்லை. எழுந்து அடுத்த சுவரில் தோளை வைத்தாள். இந்த முறை முத்துப்பேச்சியின் சேலைகளும் சுடலையின் வேட்டியும் மழைக்கோட்டும் இறங்கி வந்து அவளுக்கு வாலாயின. அவள் மூன்றாம் வீட்டுக்குள் புடைத்துப் போனதும் நான்காம் வீட்டுக்காரர்கள் மூன்றாம் வீட்டைப் பூட்டினார்கள்.

லயம் இதற்கும் பழகிக்கொண்டது. மனுஷனுக்குப் பழகாதது என்ன இருக்கிறது. எஸ்டேட் மேனேஜர் சேதி கேள்விப்பட்டு, முதல் வீட்டு வாசலில் இரண்டு காவல்காரரை நிறுத்தினார். அவள் நான்காம் வீட்டில் இருக்கிறாள் என்று ஊருக்கே தெரிந்தாலும், உத்தரவு முதல் வீட்டுக்கென்று இருந்ததால் அந்த இருவரும் ஒரே குடைக்குள் நின்று காலியான வீட்டை மார்கழி முடியக் காத்தார்கள். பூசாரி வந்து எட்டு வாசலிலும் வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் கட்டினார். அவள் வாசலைத் தொடுவதே இல்லையே சாமி என்று ஒருத்தி சொன்னதற்கு, சுவரில் கட்ட ஆணி நிற்காது என்று விட்டார். சூப்பர்வைசர் தினமும் பெயர் கூப்பிடும்போது பவுன்தாயி என்று கூப்பிட்டு, சற்று நிறுத்தி, சுவருக்குள் என்று தானே சொல்லிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார். அவள் போன வீடுகளில் உடுத்தத் துணியில்லாமல் பெண்கள் சாக்கைச் சுற்றிக்கொண்டு கொழுந்து பறித்தார்கள். ஐந்தாம் வீட்டு மருமகள் கெட்டிக்காரி, தன் கல்யாணப் பட்டு போய்விடக்கூடாதென்று அதை ஆறாம் வீட்டில் கொண்டுபோய் ஒளித்து வைத்தாள். ஆறாம் வீட்டில் பவுன்தாயி சுவரில் தோள் வைத்தபோது அந்தப் பட்டுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடி வந்து நின்றது.

பதில் சொல்லவும் பழகிக்கொண்டார்கள். நான்காம் வீட்டுக்காரன் அவள் வெளியே வருமுன்பே, கேட்டுச்சு கேட்டுச்சு, போயிரு என்று கும்பிட்டான். பவுன்தாயி அசையவில்லை. என்ன கேட்டது என்று அவள் திருப்பிக் கேட்பாள், அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். மனப்பாடம் செய்தது செல்லாது, காதில் விழுந்ததைச் சொல்ல வேண்டும். மூன்றாம் வீட்டுக்காரர்கள் டம்ளர் விடாமல் தட்டியது என்றார்கள். நான்காம் வீட்டுக்காரன் மூன்று நாள் முரண்டு பிடித்த பிறகு, தட்டுவது நின்றதுதான் கேட்டது, அப்பாடா என்று தூங்கினேன் என்றான். ஐந்தாம் வீட்டில் ரேடியோவைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். ஆறாம் வீட்டில் போகலாமா வேண்டாமா என்று புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்து, சண்டை முடிந்து சாப்பிட்டிருக்கிறார்கள். இப்படி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மகளின் கடைசி மூன்று நாளைத் துண்டு துண்டாகப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு போனாள் பவுன்தாயி. கேட்கக் கேட்க அவளுக்குக் கோபம் ஆறவில்லை, ஏறியது. ஏழு வீட்டுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் தூரம்தானே இருந்தது பாவிகளா என்று நெஞ்சு கொதித்தது.

அவள் ஆறாம் வீட்டில் இருந்தபோது நல்லசிவம் பெட்டி படுக்கையைக் கட்டினான். மகளை லீவுக்கு வர வேண்டாமென்று எப்போதோ சொல்லிவிட்டான். ஜீப்புக்குச் சொல்லி அனுப்பிவிட்டு வாசலில் இறங்கியபோது, சுடலையும் இன்னும் நாலு பேரும் மழையில் நனைந்தபடி நின்றார்கள். அவர்கள் இடுப்பில் சாக்கு இருந்தது, சுடலையின் கையில் சங்கிலி இருந்தது.

"கிருமி வர்ற பாதையில உள்ள வீடுங்கய்யா இது," என்றான் சுடலை மரியாதையாக. "யாரும் வெளிய போகக்கூடாது. நீங்கதானே சொன்னீங்க."

அவனை உள்ளே விட்டுப் பூட்டினார்கள். உள்ளே ஒரு டிரம் தண்ணீர் வைத்திருந்தான், கெட்டிக்காரன். பவுன்தாயி ஏழாம் வீட்டில் கிடந்த நாட்களில் அந்த டிரம் பாதியாயிற்று. ஏழாம் வீட்டுக்காரி மற்றவர்களைவிடப் பிடிவாதக்காரி; சத்தம் கேட்டது, சாமி கும்பிட்டேன், அதைவிட என்ன செய்யச் சொல்கிறாய் என்று கடைசியில்தான் சொன்னாள். தை பிறந்துவிட்டது. மழை ஓய்ந்து, மலை முழுக்க வெயில் அடித்தது.

அந்த வெயிலில் ஒரு காலைப்பொழுது எட்டாம் வீட்டுச் சுவர் புடைத்தது. நல்லசிவம் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்திருந்தான். சுவர் நீண்டது, காரை உதிர்ந்தது, ஏழு வீட்டுச் சேலைக் கயிறும் பின்னால் தள்ள பவுன்தாயி உள்ளே வந்து நின்றாள். அவள் கேட்பதற்கு முன்பே அவன் ஆரம்பித்துவிட்டான். கேட்டுச்சு தாயி, எல்லாம் கேட்டுச்சு, பொந்து வழியாக நீ கேட்டு அனுப்பியதும் கேட்டது, டம்ளரும் கேட்டது, தகரத்தில் காதுக்கு மேலேயே தட்டியது, பெட்டியில் பொட்டலம் இருந்தது, எம்புள்ள லீவுக்கு வர்றதா இருந்துச்சு, அதுக்கு வேணுமேன்னு வச்சிருந்தேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை. சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

பவுன்தாயி குனிந்து பெட்டியை இழுத்துத் திறந்தாள். பொட்டலங்கள் கொடுத்தபடியே அடுக்கியிருந்தன, ஒன்றுகூட உடைக்கவில்லை. ஒரு பொட்டலத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இவ்வளவு சின்னதா? இதற்காகவா? அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது, மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்தபின் டிரம்மடிக்குப் போய், மிச்சமிருந்த தண்ணீரை அடிவரை குடித்தாள். பெட்டியை மூடி, அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

மூன்று நாள் ஆயிற்று. நல்லசிவத்தின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவன் கட்டிலிலிருந்து இறங்கி வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான்.

"அதான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே. மத்த வீட்டுல சொன்னதும் போயிட்டியாமே. போயிரு தாயி."

பவுன்தாயி எட்டாம் வீட்டின் மறுபக்கத்துச் சுவரைப் பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம் ரோடு, வெயில், போகிற வருகிற ஜனம்.

"எங்க போக? இதுக்கப்புறம் வீடு இல்லையே, கம்பவுண்டரே."

அவள் அங்கேயே இருந்துவிட்டாள். அவள் இருக்கிறவரை வெளியே சங்கிலியும் இருக்கும் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. வாசலுக்கு ஓடிக் கதவைத் தட்டினான், ஆள் பேர் சொல்லிக் கூப்பிட்டான். தொண்டை அடைத்துப்போனதும் டம்ளரை எடுத்துச் சுவரில் தட்டினான். டம்ளர்ச் சத்தம் தகரக் கூரையில் ஏறி ஏழாம் வீடு, ஆறாம் வீடு என்று ஒரு வீடு தப்பாமல் ஓடியது.

அன்றைக்கு லயத்தில் பொந்துகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். சிமெண்டைப் பெயர்த்து, முதல் ஆறு சுவரிலும் பழையபடி கை நுழைய வைத்தார்கள். ஏழாவது சுவரை மட்டும் யாரும் தொடவில்லை. பெயர்த்த பொந்து வழியாகத் தண்ணீரும் கருப்பட்டியும் போய்வந்தன. உளியை வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்த சுடலை, கையைத் தூக்கி, என்னவோ தட்டுற சத்தம் கேக்குதே என்றான்.

வெளியே பளிச்சென்று வெயில். தேயிலையில் ஒரு துளி ஈரமில்லை, வானத்தில் ஒரு துண்டு மேகமில்லை. எட்டாம் வீட்டில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த பவுன்தாயி, கூரை வழியாக முத்துப்பேச்சியின் குரலைத் தெளிவாகக் கேட்டாள். அதைத் தொடர்ந்து மூன்றாம் வீட்டுக் குரல், நான்காம் வீட்டுக் குரல், வீடு வீடாக, அதே வார்த்தை அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலையே."